வல்லினம் இல்லாத மொழி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. தலை முதல் கால் வரை சுகமாகத்தான் இருக்கிறேன், நடுவில் வயிறு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? வாலுவுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? நான் போன் செய்யும்போதெல்லாம் அத்தான்தான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய், தூங்குகிறாய், இல்லாவிட்டால் மறுபடியும் குளிக்கிறாய். உனக்கு எதற்கு இவ்வளவு குளியல் என்று தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவன் எழுத்தில் ஒற்றுப்பிழை பொறுக்கிக்கொண்டிருந்த உன் தம்பிக்கு ஒரு சினிமாக் கம்பெனி வேலை கொடுத்திருக்கிறது. குகைக்குள்ளேயே பிறந்து குகைக்குள்ளேயே சாகிற ஒரு கூட்டத்தைப் பற்றிய படம். அவர்கள் பேச ஒரு புது மொழி வேண்டுமாம். சின்ன வயதில் நான் தனியாக உளறிக்கொண்டு திரிந்தபோது, "இவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குப்பா" என்று நீ அப்பாவிடம் கோள் சொன்னாயே, அந்தக் கிறுக்குக்கு இப்போது சம்பளம்.

மொழியின் பெயர் நூயல். அந்தக் குகையில் யாராவது சத்தம் போட்டால் மேலேயிருந்து கல் விழும். அதனால் நூயலில் வல்லினமே கிடையாது. க, ச, ட, த, ப, ற ஆறு பேரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். முழுக்க மெல்லினமும் இடையினமும்தான். பக்கத்து அறைக்குக் கேட்காமல், உதடு பெரிதாக அசையாமல் பேசலாம். அம்மா, மாமா, வாலு மூவரும் அப்படியே உள்ளே வரலாம். அக்கா, தம்பி, அத்தான் மூவருக்கும் அனுமதி இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஏப்ரலில் இயக்குநர், நடிகர்கள் எல்லாருக்கும் முன்னால் இந்த இலக்கணத்தை நான் அரங்கேற்ற வேண்டும். அச்சிட்ட புத்தகமும் கையில் கொடுக்க வேண்டும். இயக்குநர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஒரு வாரத்துல யார் வேணாலும் பேசிடணும். இல்லன்னா நீங்க வேணாம்." தேறினால் அடுத்த இரண்டு படங்களும் எனக்கே. நாலு பேர் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துபோகும் என்பது உனக்குத் தெரியும். வயிறு ஏன் கலங்குகிறது என்று இப்போது புரிகிறதா?

எனக்கு ஒரு சோதனை எலி வேண்டும். அது நீதான். வார்த்தை கட்டும் விதிகளைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வாலுவோடு பேசிப் பார்த்து எங்கே நாக்கு இடறுகிறது என்று எழுது.

உன் கிறுக்குத் தம்பி


ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு, புலவர் பெருமானுக்கு,

இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம். வாலுவுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல். வயிற்றுக்கு வெந்நீர் குடி, வீணாகப் பயந்து சாகாதே.

உன் உறையை அத்தான்தான் பிரித்தார். தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் அல்லவா, எந்தப் பெட்டியையும் திறந்து பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. படித்துவிட்டு நன்றாகச் சிரித்தார். "உன் தம்பிக்கு வேற பொழப்பு இல்லையா?" என்றார். இந்தக் கடிதத்தையும் அவரே படித்துவிட்டுத் தபாலில் போடுவார். ஆகையால் உன்னைப் பற்றிக் குறை எதுவும் எழுதவில்லை.

பல்செட் செய்கிற வேலையை விட்டுவிட்டேன். ஊரார் பல்லையெல்லாம் நீ ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று அத்தான் கேட்டார். அதுவும் சரிதான். வீட்டிலேயே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பேச்சுத் துணைக்கு மாடிவீட்டு நர்ஸ் எப்போதாவது வருவார்.

நூயல் நல்ல மொழி தம்பி. நாக்கு எங்கேயும் இடறவில்லை. வாலு என்னை முந்திக்கொண்டு போகிறாள். பொத்தான், கரண்டி, பென்சில், மழை எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். உன் விதித்தாளை நாங்கள் இரண்டு பேரும் மனப்பாடம் செய்து முடித்த அன்றே அவள் அதைக் கப்பல் செய்து வாளித் தண்ணீரில் விட்டுவிட்டாள். மை கரைந்து கூழாகிவிட்டது. திட்டினேன். இன்னொரு தாள் அனுப்ப வேண்டாம், எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

சில சொற்கள் மட்டும் உன்னிடமிருந்து வேண்டும். "சத்தம் போடாதே", "அப்புறம் சொல்கிறேன்", "கதவு". பிள்ளையோடு விளையாடும்போது தேவைப்படுகின்றன.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

வெந்நீர் குடித்தேன். வயிறு வெந்ததுதான் மிச்சம். மற்றபடி குறையில்லை, அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கேட்டவை இதோ. அமைதி என்றால் லெமு. அப்புறம் என்பதற்கு வெயம். கதவு நூலி. குகையில் கதவு ஏது என்று இயக்குநர் கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

காலத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். நூயலில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று இல்லை. கல் விழுவதற்கு முன், கல் விழுந்த பின், இரண்டே காலம். கல்லுக்கு மொல் என்று பெயர். இதைக் கேட்டதும் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அரங்கேற்றப் பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவனைப் பார்த்தே பாதியில் நிறுத்திவிட்டேன். நடிகர்கள் கேள்வி கேட்டால் என்ன ஆவேன் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

நீயும் வாலுவும் இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டது ஒன்றுதான் எனக்குத் தெம்பு. எளிமைதான் நூயலின் உயிர். பாக்கி எல்லாம் போனாலும் அது போகக் கூடாது.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாள் கடந்து எழுதுகிறேன், கோபிக்காதே. குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். இப்போது பரவாயில்லை. நர்ஸ் கட்டுப் போட்டுவிட்டார். நீ வயிற்றைப் பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தை அத்தான் படிக்கவில்லை, நர்ஸ் தபாலில் போடுகிறார். அத்தானுக்கு வேலை அதிகம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். நூயல் விஷயமாக நீ எழுதுவதை இனி மாடிவீட்டு முகவரிக்கே எழுது. நர்ஸுக்கும் இதில் ஆர்வம் வந்திருக்கிறது. மறந்துவிடாதே.

சந்தேகங்கள் சில. உன் மொழியில் "இப்போதே மேலே போ" என்று எப்படிச் சொல்வது? கெஞ்சுவதுபோல் இல்லாமல், ஒரே சொல்லில் முடிய வேண்டும். பூட்டில் சாவி திரும்பும் சத்தத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்று வாலு கேட்கிறாள். அப்புறம் அந்தக் காலக் கணக்கு. கல் ஒரு தடவை விழுந்தால் முன், பின் என்று சொல்லலாம். தினமும் விழுந்துகொண்டே இருந்தால் எந்தக் காலத்தில் பேசுவது?

அரங்கேற்றம் நன்றாக நடக்கும். நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? குளித்துக் குளித்தே விழுந்திருக்கிறாய், நான் அப்போதே சொன்னேன். எனக்குத் தூக்கம் மட்டும்தான் போயிருக்கிறது, மற்றவை இருக்கின்றன.

உன் கேள்விகளைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். "பூட்டில் சாவி திரும்பும் சத்தத்துக்கு ஒரு சொல்" கேட்டிருக்கிறாய். நீ என்னைவிடப் பெரிய புலவர். ரின்யா என்று வைத்துக்கொள்ளச் சொல் வாலுவை. "இப்போதே மேலே போ" என்று கேட்டிருக்கிறாய். நூயலில் யாரும் யாரையும் ஏவுவதில்லை அக்கா, அதுதான் அந்தக் கூட்டத்தின் அழகு. வேண்டுமானால் ரொவி என்று மட்டும் சொல், மேலே என்று அர்த்தம், அவளே புரிந்துகொள்வாள். "தினமும் கல் விழுந்துகொண்டே இருந்தால்" என்று கேட்டிருக்கிறாய். அப்படி விழுந்தால் எந்த மடையன் அந்தக் குகையில் குடியிருப்பான்? மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட மாட்டானா? ஆனால் பார், நூயலில் "வெளியே" என்பதற்குச் சொல்லே இல்லை. அவர்கள் போனதே இல்லை, அதனால் நான் வைக்கவில்லை.

இலக்கணம் அச்சுக்கோப்பில் ஏறிவிட்டது. நாற்பதே பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒரு வாரத்தில் பேசும், அத்தானுக்கு மூன்று நாள் போதும் என்று சொல்.

தம்பி

பி.கு. நர்ஸ் முகவரிக்கு எழுதச் சொன்னாய். உறையில் பழக்கதோஷத்தில் உன் வீட்டு எண்ணையே எழுதிவிட்டேன். எல்லாம் ஒரே கட்டடம்தானே.


மார்ச் 30

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. ஆச்சரியமாக இருக்கும். இங்கு யாவரும் நலம். உன் அக்காவுக்குக் கை இன்னும் சரியாகாததால் அவளால் எழுத இயலவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் படித்தேன். உன் அக்காவும் என் மகளும் என் எதிரில் உட்கார்ந்தே உன் பாஷையில் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். நீ கடிதத்தில் எழுதிய சில சொற்கள் எனக்கும் தெரியும். ஆனால் இவர்கள் பேசுவது அவ்வளவு இல்லை, நிறைய இருக்கிறது. அக்காவிடம் கேட்டால் விளையாட்டு என்கிறாள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் மறைத்துப் பழகக் கூடாது, நாளைக்கு அதுவே குணமாகிவிடும். சாவிச் சத்தத்துக்கு ஒரு சொல் எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை.

நான் தினமும் எத்தனையோ பெட்டிகளைத் திறந்து பார்க்கிறவன். என் வீட்டில் எனக்குப் புரியாதது என்று ஒன்று இருப்பது நன்றாகவா இருக்கிறது, நீயே சொல். மூன்று நாள் போதும் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். புத்தகம் அச்சானதும் முதல் பிரதி எனக்கு வரவேண்டும். அரங்கேற்றத்துக்கு வாழ்த்துகள். நீ வீண்சிரமப்பட்டு இங்கு வரவேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான்


ஏப்ரல் 4

மதிப்புக்குரிய நர்ஸ் அம்மாவுக்கு,

நாம் பார்த்ததில்லை. உங்கள் கீழ்வீட்டில் இருக்கும் அக்காவின் தம்பி நான். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். முகவரியை இந்தத் தடவை பல தரம் சரிபார்த்துவிட்டேன்.

அத்தான் எழுதிய கடிதம் நேற்று வந்தது. மரியாதையான கடிதம்தான், ஒரு பிழை இல்லை. ஆனால் படித்து முடித்ததும் அக்காவின் பழைய கடிதங்களைத் தேடி எடுத்தேன். அக்கா என்னிடம் கேட்ட சொற்களை நினைத்துப் பார்த்தேன். சத்தம் போடாதே. கதவு. சாவி திரும்பும் சத்தம். இப்போதே மேலே போ. தினமும் கல் விழுந்தால். இத்தனையும் கேட்டவளுக்கு நான் சிரிப்பு மூட்டி எழுதியிருக்கிறேன். அதுவும் அவர் கையில் போய்ச் சேரும்படி எழுதியிருக்கிறேன்.

அம்மா, என் அக்கா குளியலறையில்தான் விழுந்தாளா? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நான் உடனே புறப்பட்டு வந்தால் நல்லதா கெட்டதா என்று மட்டுமாவது சொல்லுங்கள். எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

வணக்கத்துடன்,
தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

நர்ஸ் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாலுவுக்குக் காய்ச்சல், ஊசி போட என்று அத்தானே எங்களை மேலே அனுப்பினார். நேரம் கொஞ்சம்தான், அதனால் நலமெல்லாம் கேட்கவில்லை.

குளியலறையில் விழவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அவர் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, அம்மா என்ன சொன்னாள், பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டு ஒத்துப் பார்ப்பார். ஒத்துப்போகாவிட்டால் அன்று வீடு வீடாக இருக்காது. பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை பேசவே பயந்துகொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. அறைக்குள்ளேயே இரு, இன்றைக்குக் கோபமாக இருக்கிறார், பயப்படாதே நான் இருக்கிறேன் என்று அவர் எதிரிலேயே பிள்ளையிடம் சொல்ல முடிந்தது. பேச ஒரு இடம் கிடைத்தது தம்பி, அது போதும் என்று இருந்தேன். உன் விதித்தாளை வாலு கப்பல் விடவில்லை. நான்தான் கரைத்தேன். அந்த விதியை வைத்து நாங்களே நிறையச் சொற்கள் கட்டிவிட்டோம். வாலு அவரைப் பற்றிச் சொல்லும்போது மொல் என்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீ வராதே. உன்னைப் பார்த்தால் உஷாராகிவிடுவார், வீட்டை மாற்றிவிடுவார். முன்பு ஒரு தடவை அப்படித்தான் நடந்தது. நர்ஸுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்திருக்கிறது, மே முதல் வாரம் போகிறார். எங்களையும் வரச் சொல்கிறார். அத்தான் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார். அவர் வீட்டில் இருக்கும்போதுதான் கதவு திறந்திருக்கும். அப்போது அவர் எதிரிலேயேதான் வாலுவிடம் கிளம்பச் சொல்லியாக வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் பிள்ளை முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

உன் புத்தகம் வரட்டும் என்று காத்திருக்கிறார். மேசையில் பென்சில் சீவி வைத்திருக்கிறார். வராவிட்டால் சந்தேகப்படுவார். வந்தால் விதி தெரிந்துவிடும். உனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. "வெளியே" என்பதற்கு மட்டும் ஒரு சொல் வைத்துக் கொடு.


ஏப்ரல் 24

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் பூரண நலத்துடன் இருக்க விரும்புகிறேன். வாக்களித்தபடி முதல் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நாற்பது பக்கம் என்று எழுதியிருந்தேன். கடைசி நேரத்தில் சில நுட்பங்கள் சேர்ந்ததால் இருநூற்றுச் சொச்சம் ஆகிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் பேசுகிறவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, யாருக்கு முதுகைக் காட்டுகிறார் என்பதைப் பொறுத்து முன்னாலும் நடுவிலும் மாறும். ஆகவே காதில் கேட்ட சொல்லை அகராதியில் நேராகத் தேட இயலாது. அகராதியை அகர வரிசையில் வைக்காமல், கல்லின் எடை வரிசையில் வைத்திருக்கிறேன். அதற்கான விளக்கம் ஏழாம் இயலில். முன்பு கடிதங்களில் எழுதியவை கரடு வடிவம், அவற்றை நம்ப வேண்டாம். அக்காவும் வாலுவும் பழகியிருப்பது இந்தப் பேச்சு வழக்குதான். குழந்தைகளுக்கு வரும், படித்தவர்களுக்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். தங்களுக்குப் பொறுமை அதிகம் என்று அக்கா சொல்வாள்.

தங்கள் அன்புள்ள,
மச்சான்


ஏப்ரல் 25, நர்ஸ் முகவரிக்கு

அக்கா,

வெளியே என்றால் யெவோலி. வாலுவின் காதில் இன்றைக்கே போட்டு வை, ஒரு விளையாட்டுச் சொல்போல. எழுதி வைக்காதே.

அவருக்குப் போன புத்தகம் பயப்பட வேண்டாத புத்தகம். பிழை திருத்தியே வயிறு வளர்த்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்து பிழை சேர்த்தேன். கடைசித் திருத்தம் என்று சொல்லி நாற்பது பக்கத்தையும் எடுத்துவிட்டு, கண்ட கண்ட விதிகளைப் போட்டு நிரப்பினேன். விதிக்கு விலக்கு, விலக்குக்கு விலக்கு. அரங்கேற்றத்தில் ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம் போட முடியாது. படக் கம்பெனி விளம்பரத்துக்காக ஊரெல்லாம் கொடுப்பதாக இருந்தது, எப்படியும் அவர் கண்ணில் பட்டிருக்கும். அதனால் மேடையிலும் இதையேதான் வைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு மேடையில் பயமே வரவில்லை. பயப்பட வேறு விஷயம் இருந்தது. முதல் இயல் முடிவதற்குள் கதாநாயகி எழுந்து, "சார், இதுல தண்ணி கேக்குறதுக்குள்ள நான் செத்துருவேன்" என்றாள். அரங்கமே சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எளிமையா ஒண்ணு வச்சிருந்தீங்களே, அது எங்க?" என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றேன். கையைக் குலுக்கிய அதே மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடிகர்கள் வாய்க்கு வந்ததை உளறட்டும், அதுவே மேல் என்று முடிவாகிவிட்டது. நாளை முதல் மறுபடியும் ஒற்றுப்பிழை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அழுகை வந்தது, அழுதேன், முடிந்தது.

நிஜ நூயல் இப்போது மூன்று பேர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. நான் மூன்றாவது ஆள்தான். பத்திரமாக இரு அக்கா. ஒரு வரி எழுது.


மே 2

மச்சானுக்கு,

புத்தகம் வந்தது. இது மனிதன் பேசுகிற பாஷையா? ஆறு நாளாக உட்கார்ந்து இரண்டாம் இயலைத் தாண்ட முடியவில்லை. உட்கார்ந்தால் ஒரு சொல், எழுந்தால் ஒரு சொல். இதை ஒரு சின்னப் பிள்ளை எப்படிப் பேசுகிறது? என் தொழிலில் இப்படி ஒரு சரக்கு வந்தால் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனாலும் நான் விடுகிறவன் இல்லை. ஏழாம் இயலுக்கு வந்துவிட்டால் பிடி கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. விடுமுறை நாள் பூராவும் இதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன்.

அத்தான்


மே 12, நர்ஸ் முகவரிக்கு

மதிப்புக்குரிய நர்ஸ் அம்மாவுக்கு,

ஒரு வரியும் இல்லை. இந்தக் கடிதம் உங்களை எட்டுமா, நீங்கள் ஊர் மாறிப் போய்விட்டீர்களா என்றும் தெரியவில்லை. போன் செய்தேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அத்தான்கூட எடுக்கவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்கு ஓடுகிறேன். அவர் ஏழாம் இயலுக்கு வந்துவிட்டாரோ, அங்கே நான் ஏதாவது நிஜத்தை மறந்துபோய் விட்டுவைத்துவிட்டேனோ என்று புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன். பதில் போடுங்கள் அம்மா.


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நலம். இதைப் பலமுறை உனக்கு எழுதியிருக்கிறேன், இந்தத் தடவைதான் யோசிக்காமல் எழுதுகிறேன். முகவரியை உறையின் மேல் போடவில்லை, உள்ளே சின்னத் தாளில் இருக்கிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். முதலில் கொஞ்ச நாள் யாருக்கும் எழுத வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். நீ எப்படித் துடித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வயிறு எப்படி இருக்கிறது?

நாங்கள் கிளம்பியது விடுமுறை நாளன்று. அவர் கூடத்தில் உன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கதவு தாழ் போடாமல் இருந்தது. வாசலில் நர்ஸின் சாமான் ஏற்ற வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் அடுப்படியிலிருந்து வந்து வாலுவைப் பார்த்து, யெவோலி என்று தொடங்கிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. வாலு பென்சிலைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.

நான் வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டேன் தம்பி. "புத்தகத்துல இருக்குமே, பாருங்க" என்றேன்.

அவருக்கு என்னிடம் தோற்கப் பிடிக்காது. "இரு, நானே கண்டுபுடிக்கிறேன்" என்று குனிந்தார். நான் நின்றேனா உட்கார்ந்தேனா என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். நாங்கள் அவர் நாற்காலியை ஒட்டியேதான் நடந்துபோனோம். வண்டி தெருமுனை திரும்புகிறவரை பின்னால் கதவுச் சத்தம் கேட்கவில்லை.

நர்ஸ் ஒரு வக்கீலம்மாவிடம் அழைத்துப்போனார். அத்தான் இங்கே வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம் போகவில்லை. சாவிச் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு தூக்கிப் போடுகிறது. ஆனால் சாவி இப்போது என் இடுப்பில்தான் இருக்கிறது. அடுத்த தெருவில் ஒரு பல் மருத்துவர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ எதை விட்டுக்கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

வாலு உன் மொழியில் கை வைத்துவிட்டாள், அதைச் சொல்ல வேண்டும். நூயலில் கத்துவதற்குச் சொல் இல்லையாம், மாமா மறந்துவிட்டாராம். அவளே ஒன்று செய்திருக்கிறாள், டட்டக்கா. எல்லாம் வல்லினம். கல் விழுமே என்றேன். இங்கே மேலே கல்லே இல்லை, மாமாவிடம் சொல்லிவிடு என்கிறாள். வாசல் திறந்துவிட்டதால் அக்கா, தம்பி எல்லாரும் இனி உள்ளே வரலாமாம்.

இதை எழுதும்போது ஜன்னலில் ஏறி நின்று தெருவைப் பார்த்து அதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுகிறார்கள். நான் லெமு என்று சொல்லவில்லை.

அன்புடன்,
அக்கா